2008 அமெரிக்கத் தேர்தல்: காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். 2008 அமெரிக்க அதிபர் தேர்தல் களத்தில் நின்றவர்கள் முன்வைத்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட்டு, முதுகலை மாணவர்களுக்காக ஒரு பாடம் தயாரித்து வருகிறேன்.

ஹிலாரி, ஒபாமா வேறுபாடு பிடிபட்டுவிட்டது. எல்லோரும் கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும் என்றார் ஹிலாரி. குழந்தைகளுக்கு மட்டும் கட்டாயமாக்கினால் போதும், விலை குறைந்தால் பெரியவர்கள் தாமாகவே வாங்குவார்கள் என்றார் ஒபாமா. (2010-இல் அவரே கையெழுத்திட்ட சட்டத்தில் எல்லோருக்குமான கட்டாயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கூத்தைத் தனியாக எழுத வேண்டும்.)

என்னைப் படுத்துவது குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்னின் திட்டம்தான். ஊழியருக்காக நிறுவனம் கட்டும் பிரீமியத்தையும் அவருடைய வருமானமாகக் கருதி வருமான வரி போடுவது. அதற்கு ஈடாகத் தனிநபருக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர் வரிச்சலுகை தருவது. நல்ல உடல்நலமுள்ள இளைஞருக்கு இது கட்டுப்படியாகலாம். சர்க்கரை நோயுள்ள ஐம்பது வயதுக்காரர் நிறுவனத்தின் வழியாக இல்லாமல் தானே வெளிச்சந்தையில் காப்பீடு வாங்கப் போனால் இந்தப் பணம் எந்த மூலைக்கு? அன்று பல மாநிலங்களில் பழைய நோயைக் காட்டி விண்ணப்பத்தையே தள்ளிவிட முடிந்தது.

அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? குடும்பக் காப்பீட்டுக்கு நிறுவனம் கட்டிய பங்கு எவ்வளவு, உங்கள் சம்பளத்தில் பிடித்தது எவ்வளவு என்று சொன்னால் ஓர் உண்மைக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். வேட்பாளர்கள் வெளியிட்ட மூலத் திட்ட அறிக்கைகளைச் சேமித்து வைத்திருப்பவர்கள் அனுப்பி உதவுங்கள். கட்சிக்காரர்கள் போட்ட கணக்குகள் மட்டும் வேண்டாம், அவை என்னிடமே கட்டுக்கட்டாக இருக்கின்றன.