எந்த நுனியைப் பிடித்து இழுப்பது? யோசனை சொல்லுங்கள்

அண்ணன்மார், ஆச்சிமார் அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் அம்மாவுடன் இருக்கிறேன். வேலைகள் குவிந்துபோய் எதைத் தொட்டாலும் கை ஓடவில்லை.

பெரிய தலைவலி வீடுதான். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் நாட்டு ஓடு சரிந்து, தூணடியில் தண்ணீர் சொட்டுகிறது. ஐப்பசி மழைக்குள் மாற்றியாக வேண்டும். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில்; "பார்க்கலாம்" என்பதைத் தாண்டி எவரும் வருவதில்லை. செலவைப் பங்கு பிரித்து வாங்கியவர்கள், பேச்சை எப்படித் தொடங்கினீர்கள்? பழைய ஓடு வேயத் தெரிந்த கொத்தனார் பக்கத்தில் உண்டா?

அடுத்தது அம்மாவின் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று. மத்திய அரசு ஓய்வூதியம் என்பதால், எண்பது வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அம்மாவின் விரல் ரேகை கருவியில் பதிவதில்லை. கைப்பேசியில் முகத்தைக் காட்டியோ, தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்தோ முடித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் தாளில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன், பட்டியலைப் பார்த்ததும் மலைப்புதான் கூடியது. நாளுக்கு ஒரே வேலை என்று வைத்துக்கொள்வது யாருக்காவது கைகொடுத்ததா? தியானம் செய், கோலம் போடு என்று மட்டும் சொல்லாதீர்கள். கோலம் தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்!

தூக்கமும் சரியில்லை. 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம் என்று அறிந்தேன். பேசியவர்கள் இருந்தால் தனிச்செய்தியில் சொன்னாலும் போதும். கொத்தனார் விவரம்தான் அவசரம்.