அப்டேட்: தாராவில கீழ் வீடு ஓகே, மாடிதான் சிக்கல்

மும்பை தாராவி குடிசைப் பகுதிய இடிச்சு புது வீடு கட்டித் தர்ற திட்டத்த பத்தி போன மாசம் கேட்டிருந்தேன்ல, கீழ ரூம் அப்பா பேர்ல, மேல நான் பொண்டாட்டி புள்ளைங்களோட, ரெண்டு பேருக்கும் வீடு வருமான்னு. பாதி பேர் ரெண்டு வீடு கன்ஃபர்ம்னு சொன்னீங்க, அவ்ளோ ஈஸி இல்லப்பா.

யார் யாருக்கு வீடுன்னு பாக்கற சர்வே எங்க வீட்ல முடிஞ்சுது. அப்பா 1987லயே திருநெல்வேலிலேர்ந்து வந்தவரு, பழைய லைட் பில்லு எல்லாம் டிரங்கு பெட்டில பத்திரமா வெச்சிருந்தாரு (நாங்க குப்பைன்னு கிண்டல் பண்ணுவோம்). 1.1.2000க்கு முன்னாடி தரைத்தளத்துல இருந்தவங்களுக்கு தாராவிக்குள்ளயே 350 சதுர அடி ஃப்ரீ, அதனால அவருக்கு பிரச்னை இருக்காதுன்னு நெனைக்கிறேன். 2000லேர்ந்து 2011க்குள்ள வந்தவங்கன்னா தாராவிக்கு வெளிய 300 சதுர அடி, ரெண்டரை லட்சம் கட்டணும். மாடில இருக்கறவங்க 15.11.2022க்கு முன்னாடிலேர்ந்து இருக்கோம்னு காட்டினாலும் வெளியதான், அதுவும் வாடகை கட்டி கட்டி கடைசில சொந்தமாக்கிக்கற மாதிரி. எங்க மாடிக்கு தனி கரண்ட் மீட்டரே கிடையாது, அதனால எங்க பேர்ல பில்லும் இல்ல, இனிமே பேப்பருக்கு அலையணும்.

ஒருத்தர் பிரதமர் ஆவாஸ் (மத்திய அரசோட வீட்டு உதவித் திட்டம்) போடுங்கன்னார். எங்க வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள்ளதான், ஆனா நாட்டுல எங்கயும் குடும்பத்துக்கு பக்கா வீடு இருக்கக்கூடாது. ஊர்ல பொண்டாட்டி பேர்ல மாமனார் எழுதி வெச்ச வீடு இருக்கே! அந்த ஸ்கீமுக்கு அரசு 2.30 லட்சம் கோடி ஒதுக்கியிருக்கு, நமக்கு அதுல ஒரு செங்கல் கூட இல்ல.

மாடிக்கு தனி மீட்டர் இல்லாம யாராச்சும் பேப்பர் குடுத்து பாஸ் ஆகியிருந்தா சொல்லுங்க, என்னென்ன காட்டினீங்கன்னு.