பழைய போர்டு ஹைஸ்கூல்: தலைமையாசிரியர் பலகையில் ஒன்றரை வருடத்தைக் காணோம்

கீழவீதிக்காரன் கேட்கிறார்:

வணக்கம். பழைய தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறு நகரம் எங்களுடையது. அங்கே உள்ள அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நூறு வயது ஆகப்போகிறது. நூற்றாண்டு மலரில் ‘பள்ளியை நடத்தியவர்கள்’ என்ற பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. தலைமையாசிரியர் அறையில் பெயர்ப் பலகை இருக்கிறது, பார்த்து எழுதினால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் பலகையில் ஒருவர் 1954–1961, அதற்கு அடுத்தவர் 1963–1969. நடுவில் யார்? என் அப்பா 1962-ல் அங்கேதான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். “கணக்கு வாத்தியார் பாத்துக்கிட்டாரு, ரெண்டு வருஷம்” என்கிறார். வாத்தியாரின் பெயரைக் கேட்டால் பட்டப்பெயர்தான் ஞாபகம் இருக்கிறது. அதை மலரில் போட முடியாது! எங்கே தேடலாம்?

ஓய்வுபெற்ற கிளார்க்:

தம்பி, 1979-ல் பள்ளி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை நான் குடியிருந்தது பள்ளிக்கூட ரிக்கார்டு ரூமில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பலகையை நம்பாதீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் அது பழைய மாணவர் யாரோ பின்னாளில் எழுதிக் கொடுத்த நன்கொடை. முறையாகப் பதவி உயர்வு பெற்றோ மாறுதலிலோ வந்தவர்களின் பெயரைத்தான் பெயின்டரிடம் கொடுப்பார்கள். பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்தவர் மூன்று வருடம் பள்ளியைக் கட்டி இழுத்திருந்தாலும் பலகையில் வரமாட்டார். எங்கள் ஆபீஸ் பாஷையில் அவர் எஃப்.ஏ.சி., அதாவது ‘ஃபுல் அடிஷனல் சார்ஜ்’, முழுக் கூடுதல் பொறுப்பு. நாற்காலி இருக்கும், வேலை இருக்கும், பெயர் இருக்காது.

உங்கள் காலக்கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. பள்ளி 1920-களின் நடுவில் தொடங்கியது என்றால், அப்போது இப்படிப்பட்ட பள்ளிகளை நடத்திய தஞ்சை ஜில்லா போர்டுக்கு ஏ. டி. பன்னீர்செல்வம் தலைவராக இருந்த சமயம். 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகளே போய்விட்டன, ஆனால் பள்ளிகளை ஜனங்கள் ‘போர்டு ஹைஸ்கூல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசு அவற்றை முழுதாக எடுத்துக்கொண்டது 1970-ல். 1961 என்பது இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அப்போது ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் இடம் காலியாகக் கிடந்தது என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, எங்கே தேடுவது? டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டைதான் முதல் இடம், அதாவது மாற்றுச் சான்றிதழைக் கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்திலேயே தங்கும் பாதி. ஒவ்வொன்றிலும் தேதி போட்டுத் தலைமையாசிரியர் கையெழுத்திட்டிருப்பார். கையெழுத்து எந்தத் தேதியில் மாறுகிறது என்று பார்த்தால் யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்பது நாள் கணக்காகவே கிடைக்கும். அடிக்கட்டையைக் கரையான் தின்றிருந்தால் சம்பளப் பட்டுவாடாப் பதிவேடு. அதுவும் இல்லையென்றால் ஆண்டாய்வு அறிக்கை.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலும் இதே கதைதான். 1960-களில் பதினான்கு மாதம் காணவில்லை. அடிக்கட்டைகளைப் புரட்டினேன். ‘ஹெட்மாஸ்டர்’ என்ற ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் ஒருவர் விடாமல் ஆங்கிலத்தில் ‘ஐ’ போட்டு, ஒரு சாய்கோடு இழுத்து, ‘சி’ எழுதியிருந்தார். இன்சார்ஜ் என்பதன் சுருக்கம். அதை எழுதாமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருக்கிறார். ஜூனில் முத்து முத்தான கையெழுத்து. மார்ச் வந்ததும் பரீட்சை வேலையில் மனிதர் களைத்துப்போயிருக்க வேண்டும், பெயர் வெறும் நெளிகோடு, அந்த ‘சி’ ஒரு புள்ளி. பதினான்கு மாதத்துக்குப் பிறகு அதே மனிதர் வருகைப் பதிவேட்டில் பழையபடி உதவி ஆசிரியர்கள் வரிசையில் நான்காவது பெயர். எனக்கு என்னவோ போலிருந்தது.

ஒரு எச்சரிக்கை: சேர்க்கைப் பதிவேட்டைப் போட்டோ எடுத்து மலரில் போடாதீர்கள். சாதி, அப்பா தொழில் எல்லாம் அதில் இருக்கும்.

வடக்குமாசி:

கிளார்க் ஐயா சொன்னதைப் படித்ததும் எங்கள் ஊர் சேதுபதி பள்ளி நினைவுக்கு வந்தது. 1904-ல் பாரதியார் அங்கே தமிழாசிரியராக இருந்தது ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரைதான். அதுவும் விடுப்பில் போனவருக்குப் பதிலாக வந்த தற்காலிக வேலை. ஆனால் இன்றைக்கு மதுரையில் அந்தப் பள்ளி என்றாலே பாரதிதான். அதே 1904-ல்தான் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், ராமானுஜனுக்குக் கணக்கில் ரங்கநாத ராவ் பரிசு கொடுத்தார். பரிசு வாங்கிய பையனால்தான் கொடுத்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது. உங்கள் கணக்கு வாத்தியாரிடம் படித்தவர்களையும் தேடிப் பாருங்கள்.

செங்கல்சூளை:

தேடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மலர் என்றாலே பழைய ஹெட்மாஸ்டர்களை எல்லாம் தெய்வமாக்கிவிடுகிறார்கள். பள்ளிச் சம்பளம் (ஃபீஸ்) கட்டாத பையன்களை வகுப்புக்கு வெளியே நிறுத்திய காலமும் இருந்தது. என் பெரியப்பா மூன்றாம் பாரத்தில் அப்படி நின்றவர், அதாவது இன்றைய எட்டாம் வகுப்பு. மறுநாள் போகவில்லை, அதற்கு அப்புறமும் போகவில்லை. காமராசர் காலத்தில் இலவசக் கல்வி வந்தது, அவருக்குக் கிடைக்காதது அவர் தம்பிக்குக் கிடைத்தது. வெளியே நின்றவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

கீழவீதிக்காரன்:

செங்கல்சூளை, நியாயம்தான். குழுவில் பேசுகிறேன், எதிர்ப்பு வரும்.

கிளார்க் ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கிடைத்தது, அந்தக் கெட்டி அட்டை போட்டது. உள்ளே தலைமையாசிரியர் கையெழுத்தும் இருக்கிறது. ஸ்டாம்புக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு, ஒரு புள்ளி! ஆனால் பெயர் படிக்க வரவில்லை. கடைசியில் ‘சாமி’ என்கிறார் அப்பா, எனக்கு ‘ராமன்’ போலத் தெரிகிறது. பூதக்கண்ணாடி வைத்தும் சண்டை தீரவில்லை.

ஓய்வுபெற்ற கிளார்க்:

எந்த மாதம் போட்ட கையெழுத்து? பரீட்சை நேரமாகத்தான் இருக்கும். பள்ளியில் கேட்டு 1961 ஜூன் மாத அடிக்கட்டையை எடுங்கள். புதிதாகப் பொறுப்பேற்ற வாரம், தெளிவாக எழுதியிருப்பார்.