புதுப்பிப்பு: திரும்பி வந்த கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது

மனநலக் கோளாறுகள் மக்களிடையே எவ்வளவு காணப்படுகின்றன என்று ஆராயும் எங்கள் மனநலத் தொற்றுநோயியல் ஆய்வகத்தில் ஒரு முனைவர் பட்ட மாணவியின் கட்டுரை இரண்டாவது முறையும் திரும்பி வந்துவிட்டது என்று போன மாதம் எழுதியிருந்தேனே, அது இப்போது ஏற்கப்பட்டுவிட்டது! நேற்று அவளுடைய வாய்மொழித் தேர்வும் முடிந்தது.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளை ஒரே ஆட்களிடம் பல சுற்றுகளாகக் கொடுத்து எழுதிய கட்டுரை அது. அதில் கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் அடுத்த சுற்றுக்கு வராமல் நின்றுவிடுகிறவர்களில் மனச்சோர்வு உள்ளவர்களே அதிகம் இருக்கக்கூடும், வந்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் தேறிவிட்டது போலத் தெரியும். விடுபட்ட விடைகளைப் பல விதமாக நிரப்பிப் பார்த்து, நிரப்பும்போது வைத்துக்கொண்ட ஊகம் தவறானால் முடிவு எவ்வளவு மாறும் என்றும் சோதித்திருக்கிறாள். உங்களில் சிலர் சொன்ன யோசனைதான், மிக்க நன்றி.

அப்புறம், முதுகலை மாணவர் ஒருவருக்குச் சிறந்த சுவரொட்டிப் பரிசு கிடைத்தது.

எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது வேறு. நேர்காணல் எடுக்கும் எங்கள் உதவியாளருக்கு முனைவர் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. அந்த வினாத்தாளின் 9ஆவது கேள்வி, செத்துவிட்டால் நல்லது அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. ‘சில நாட்கள்’ என்று பதில் வந்தாலே போதும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மருத்துவர் வந்து பேசும் வரை பதில் சொன்னவர் பக்கத்திலேயே அந்த உதவியாளர் உட்கார்ந்திருப்பார்.