சுப்பீரியர் ஏரி வடகரை: கோடை வானிலை வரைபடத்தை நம்பித் தேதி குறிக்கலாமா?

கேள்வி: பாதை61

அமெரிக்காவில் மினியாபொலிஸிலிருந்து டுலூத், அங்கிருந்து சுப்பீரியர் ஏரிக்கரையோரம் 61-ஆம் நெடுஞ்சாலையில் கிராண்ட் மரே வரை ஐந்து நாள். ஸ்ப்ளிட் ராக் மாநிலப் பூங்கா பக்கம் டென்ட். ஊரிலிருந்து வரும் அப்பா, அம்மா, பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர். ஜூன் மூன்றாம் வாரமா, ஆகஸ்ட் முதல் வாரமா என்பதுதான் இழுபறி. அமெரிக்கத் தட்பவெப்ப முன்கணிப்பு மையமான சிபிசியின் ஜூன்-ஜூலை-ஆகஸ்ட் வரைபடத்தில் மினசோட்டா முழுக்க ஆரஞ்சு நிறம், "40–50" என்று போட்டிருக்கிறது. வழக்கத்தைவிட அவ்வளவு சூடாக இருக்கும் என்று அர்த்தமா? பிள்ளைகள் ஏரியில் இறங்க முடியுமா? ஸ்வெட்டர் தேவைப்படுமா?

பதில்: மூன்றிலொன்று

அந்த 40–50 வெப்பத்தின் அளவு இல்லை, வாய்ப்பின் அளவு. 1991–2020 வரையிலான முப்பது கோடைகளையும் குளிர்ந்தது, நடுத்தரம், சூடானது என்று பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்கிறார்கள். எதுவும் தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33%. சூடான பக்கம் 40 என்றால் நடுத்தரத்தை 33-லேயே விட்டுவிட்டு, குளிர்ந்த பக்கத்தை 27-க்கு இறக்குவார்கள். 50 என்றால் 17-க்கு. அதாவது இப்படி ஆரஞ்சு போட்ட வருடத்திலும் குளிர்ந்த கோடைக்கு ஆறில் ஒன்று முதல் நாலில் ஒன்று வரை வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது. அதுவும் மூன்று மாதச் சராசரிக்கு. உங்கள் ஐந்து நாளைப் பற்றி அந்தப் படம் வாயே திறக்கவில்லை.

எல் நினோ, லா நினாவை (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவதும் குளிர்வதும்) பிடித்துக்கொண்டு கோடையைக் கணிப்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். அந்தப் பகுதியில் அவற்றின் பிடி குளிர்காலத்தில்தான் பலம், கோடையில் தளர்ந்துவிடும். வசந்தத்தில் மண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது அதைவிட உருப்படியான தடயம். காய்ந்த மண்ணில் ஆவியாக ஈரம் இல்லாததால் வெயில் முழுக்கக் காற்றைச் சூடாக்கவே போகும்.

இன்னொன்று: மினசோட்டா மாநிலப் பூங்கா முகாம்களுக்கு 120 நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடும். ஆகஸ்ட் 1-க்கு ஏப்ரல் 3. கோடைக்கான கடைசி வரைபடம் வருவது மே மாத மூன்றாவது வியாழன், அதற்குள் நல்ல இடமெல்லாம் போயிருக்கும். ஆகவே தேதியைக் குறிக்கப் பழைய சராசரி. பெட்டி கட்ட 8–14 நாள் முன்னோட்டம். அன்றாடத் திட்டத்துக்குக் கடைசி மூன்று நாள் முன்னறிவிப்பு.

பதில்: மிதவை45006

மேலே சொன்னது நிலத்துக்கு. கரையில் ஏரி வைத்ததுதான் சட்டம்.

நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தி. குளிர்காலம் முடிந்து மேல்தண்ணீர் அந்த 4 டிகிரியைத் தொடும் வரை, சூடேறும் தண்ணீர் கனத்துக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சுப்பீரியரின் சராசரி ஆழம் 147 மீட்டர். அத்தனையும் 4 டிகிரி ஆன பிறகுதான் மேலே வெதுவெதுப்பான அடுக்கு ஒன்று தங்கும். நடு ஏரியில் அது நடப்பது பெரும்பாலும் ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கம். ஜூன் மூன்றாம் வாரத்தில் நீங்கள் நிற்கப் போவது, கிட்டத்தட்ட ஐஸ்பெட்டிக் குளிர்ச்சியில் இருக்கும் 82,000 சதுர கிலோமீட்டர் தண்ணீரின் விளிம்பில். ஆகஸ்டில் மேற்பரப்பு 15 டிகிரியைத் தாண்டும், நல்ல வருடத்தில் 20-ஐ ஒட்டும். எனவே ஆகஸ்ட்.

அந்த வருடம் முந்துமா பிந்துமா என்பதைக் குளிர்காலமே சொல்லிவிடும். 2014-ல் சுப்பீரியரும் சேர்ந்த ஐம்பெரும் ஏரிகள் 92 விழுக்காட்டுக்கு மேல் உறைந்தன. சுப்பீரியரில் ஜூன் தொடக்கம் வரை பனிக்கட்டி மிதந்தது. 2024 குளிர்காலத்தில் உச்ச உறைவே ஏறத்தாழ 16 விழுக்காடுதான். உறையாத வருடத்தில் சூடான அடுக்கு முன்கூட்டியே உருவாகிவிடும். என் கணக்கில் ஆரஞ்சு வரைபடத்தைவிட இது பத்து மடங்கு பயனுள்ள தகவல்.

செல்போன் ஆப்பில் "டுலூத்" என்று போட்டால் பெரும்பாலும் விமான நிலையத்தின் அளவுதான் வரும். அது ஏரி மட்டத்துக்கு 800 அடி மேலே, குன்றின் மேல் இருக்கிறது. அங்கே 85 ஃபாரன்ஹீட், கீழே ஏரியை ஒட்டிய கெனால் பார்க் பகுதியில் 58 என்பதில் அதிசயம் இல்லை. வெயில் அடித்து, காற்று மந்தமாக இருந்தால் முற்பகலில் ஏரிக்காற்று கிளம்பும். சில நிமிடங்களில் இருபது டிகிரி ஃபாரன்ஹீட் விழும். தேசிய வானிலைச் சேவையின் தளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டாமல், வரைபடத்தில் உங்கள் முகாம் இருக்கும் புள்ளியையே சொடுக்குங்கள்.

குளிக்கும் முன், ஏரியில் மிதக்கும் அளவுக் கருவியான மிதவை காட்டும் நீர் வெப்பத்தைப் பாருங்கள். நேற்று 18 டிகிரி செல்சியஸ் இருந்தது என்று இன்று இறங்க வேண்டாம். தென்மேற்குக் காற்று தொடர்ந்து வீசினால் மேலடுக்கு கரையை விட்டு விலகி, அடியிலுள்ள குளிர்நீர் மேலே வந்துவிடும். ஆகஸ்டிலும் ஒரே இரவில் 8 டிகிரிக்குப் போகலாம். வானம் பளிச்சென்று இருக்கும், தண்ணீர் ஆளை உறைய வைக்கும். டுலூத்தின் பார்க் பாயின்ட் மணற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் வரை கூட வேண்டாம்: கரையை நோக்கி வேகமாகக் காற்று அடிக்கும்போது உள்ளிழுக்கும் நீரோட்டம் உருவாகும்.

பதில்: பாதை61

ஆகஸ்ட் என்றே வைத்துக்கொள்கிறோம். மூடுபனி, இடிமழை, பூச்சி? அப்பா அம்மாவுக்குக் குளிர் ஆகாது.

பதில்: கூடாரக்கயிறு

மூடுபனிக்கு ஒரே கணக்கு: காற்றின் டியூ பாயின்ட் (காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) ஏரி நீரின் வெப்பத்தைவிட அதிகமாக இருந்து, காற்றும் ஏரிப் பக்கமிருந்து வந்தால் கரை மூடிக்கொள்ளும். வெயில் ஏறினால் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள், ஏரி மேலும் மேலும் அனுப்பும். வண்டியை எடுத்து 1-ஆம் நெடுஞ்சாலையில் ஃபின்லாந்து ஊர்ப்பக்கம் ஏறுங்கள். பத்து மைலுக்குள் பெரும்பாலும் வெயில் வந்துவிடும். ஐந்து நாளில் ஒரு நாளை இப்படி உள்நாட்டுச் சிறு ஏரிக்கு ஒதுக்குங்கள்; பிள்ளைகள் நீந்தவும் அதுதான் இடம்.

இடிமழை அதிகமும் மேற்கிலிருந்து, இரவிலோ விடியலிலோ வரும். குளிர்ந்த ஏரி புயலை அடக்கிவிடும் என்ற பேச்சை நம்பிப் படுக்க வேண்டாம். உயரத்தில் உருவாகும் புயலுக்குக் கீழேயுள்ள குளிர் ஒரு பொருட்டே இல்லை. 2012 ஜூனில் டுலூத் தெருக்களைப் பெயர்த்த வெள்ளம் இரவு மழையால் வந்ததுதான். 61-இல் பல இடங்களில் சிக்னல் இருக்காது, பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று எடுத்துச் செல்லுங்கள். டென்ட் அடிக்குமுன் அண்ணாந்து பாருங்கள்: மொட்டுப்புழு அரித்துக் காய்ந்த பால்சம் ஃபர் மரங்கள் அந்தக் காடெங்கும் நிற்கின்றன. மரத்தின் உயரமளவாவது தள்ளிப் போடுங்கள்.

ஸ்ப்ளிட் ராக்கில் "கார்ட்-இன்" தளம் எடுத்தால் சாமானைத் தள்ளுவண்டியில் தள்ளிப்போக வேண்டும், பெரியவர்களுக்குச் சிரமம். அவர்களுக்கு ஆகஸ்டிலும் கம்பளிக் குல்லா, ஃபிளீஸ், 30 ஃபாரன்ஹீட்டுக்கான ஸ்லீப்பிங் பேக். காற்று நிரப்பிய மெத்தை மட்டும் போட்டால் கீழிருந்து குளிர் ஏறும். அதன் மேல் ஃபோம் விரிப்பு ஒன்று போடுங்கள்.

கொசு ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை உச்சம், ஆகஸ்டில் தணியும். தென்கரைக்கும் போவதாக இருந்தால் கணுக்காலைக் கடிக்கும் ஒரு வகை ஈ உண்டு. தெற்குக் காற்று வீசும் நாளில் கரையில் வந்து குவியும், மருந்து தடவினாலும் அவ்வளவாக மசியாது. அன்றைக்கு நீளக் காலுறை போடுங்கள், அல்லது வடகரையிலேயே இருந்துவிடுங்கள்.

பதில்: மிதவை45006

புகையை விட்டுவிட்டோம். கனடாவில் காடு எரிந்தால் வடமேற்குக் காற்றில் அது இங்கேதான் இறங்கும். காற்றின் தரத்தைச் சொல்லும் ஏர்நவ் தளத்தின் தீ-புகை வரைபடத்தைத் தினம் காலையில் பாருங்கள். காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பெரியவர்களும் பிள்ளைகளும் மலையேற்றத்தைக் குறைக்கட்டும், 150-க்கு மேல் போனால் வேண்டவே வேண்டாம். டென்ட் துணி புகையைத் தடுக்காது. டுலூத்தில் ரத்து செய்யக்கூடிய விடுதி அறை ஒன்றை இப்போதே பிடித்து வையுங்கள். வறண்ட வருடத்தில் விறகு மூட்டத் தடை வரும், 2021 ஆகஸ்டில் பக்கத்திலுள்ள பவுண்டரி வாட்டர்ஸ் காட்டுப் பகுதியையே மூடினார்கள். சமையலுக்கு, திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்பு கையில் இருக்கட்டும். தடையிலும் அதைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், ஆனால் கிளம்பும் முன் அந்தப் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.