விளையாட்டு நினைவுக் குழுவில் ஒருவரை ஒருவர் திருத்துவதை எப்படிச் சமாளிப்பது?

முதியோர் பகல் பராமரிப்பு மையத்தில் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், பழைய விளையாட்டு நினைவுகளைப் பேசும் குழுவை நடத்துகிறேன். பத்துப் பேருக்குள்தான். பாதிப் பேருக்கு மறதிநோய், அதில் இருவருக்கு முற்றிய நிலை.

நல்ல ஞாபகம் உள்ளவர்கள் மற்றவர்களைத் திருத்திக்கொண்டே இருப்பதுதான் சிக்கல். "1975 கிரிக்கெட் உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு" என்று ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். "இல்லைங்க, வெஸ்ட் இண்டீஸ். லாயிட் 102 அடிச்சாரே!" என்று உடனே பதில் வந்தது. தகவல் சரிதான். ஆனால் சொன்னவர் அப்புறம் வாயே திறக்கவில்லை. சில மாதங்களாக இப்படித்தான் போகிறது, ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார்.

"இது யார், எந்த வருஷம்" போன்ற கேள்விகளை விட்டுவிட்டேன். ஆனாலும் ஞாபகம் உள்ளவர்களே பேச்சை வினாடி வினாவாக மாற்றிவிடுகிறார்கள். காணொளியில் காட்சிகள் வேகமாக மாறுவதால் குழப்பம். வர்ணனை ஒலிப்பதிவு, காதுக்கருவி போட்டவர்களுக்கு வெறும் இரைச்சல். தோல் பந்து, மட்டை, விசில் என்று கையில் கொடுத்தால் மட்டும் நிலைமை மாறுகிறது. பேச்சே குறைந்துபோன ஒருவர் பந்தின் தையலில் விரல் வைத்து, சுழல்பந்து வீச்சாளர் மாதிரி அழகாகப் பிடித்தார்! ஆனால் பந்து கைமாறியதும் பழைய கதைதான்.

இரண்டு குழுவாகப் பிரிக்க ஆள் இல்லை, நண்பர்களும் பிரிய மாட்டார்கள்.

இப்படிக் கலந்த குழுவை நடத்தியவர்கள், ஞாபகம் நன்றாக உள்ளவர்களுக்கு என்ன வேலை கொடுத்து இந்தத் திருத்தலை நிறுத்தினீர்கள்?