மொறிஸ் மைனர் வேகமானி: கறளை எடுத்து முகப்பைக் காப்பாற்றுவது எப்படி?

வடமராட்சிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் விட்டுச்சென்ற 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கொட்டிலுக்குள் கிடந்தது. அதை மீண்டும் ஓடவைக்கும் முயற்சியில் இருக்கிறேன். 948 சிசி எஞ்சின் எதிர்பார்த்ததைவிட இலகுவாக உயிர்பெற்றுவிட்டது. பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயிலேயே ஓடிப் பழகிய எஞ்சின் என்பதால் எனக்கு அதில் பெரிய வியப்பில்லை. டாஷ்போர்டின் நடுவில் இருக்கும் அந்த ஒற்றை வட்ட மீட்டர்தான் இப்போது என்னைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்றும் மாரிக்கால ஈரமும் சேர்ந்து மீட்டரை ஒரு வழி பண்ணிவிட்டன. கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். குரோம் வளையத்தின் ஓரம் முழுவதும் கறள் பிடித்திருப்பதால் அது சுற்றினாலும் அசையவில்லை. பின்பக்கத் தகரக் கூட்டில் கறள் செதில் செதிலாக எழும்பியிருக்கிறது. மெல்ல ஆட்டினால் உள்ளே பொடி உருளும் சத்தம் கேட்கிறது. முகப்பில் 30க்கும் 40க்கும் இடையே மூன்று பழுப்புப் புள்ளிகள் உள்ளன, அவற்றில் ஒன்று எண்ணையே தின்னத் தொடங்கிவிட்டது. வேகமுள் 20இல் நிற்கிறது. கேபிள் பூட்டும் துளைக்குள் சிறு தண்டொன்றை விட்டுச் சுழற்றிப் பார்த்தேன், அதுவும் இறுகிக் கிடக்கிறது.

முழு மீட்டரையும் தேசிக்காய்ப் புளியில் ஓர் இரவு ஊறவிட்டு, இரும்புப் பஞ்சால் தேய்த்தால் புதிதாகிவிடும் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதையே திருத்துவதா, வேறொன்றைத் தேடிப் பூட்டுவதா? மீட்டரில் மைல் கணக்கில் பதிந்து நிற்கும் தூரம் முழுவதும் தந்தையார் ஓட்டியது. அதை இழக்க விருப்பமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோவை மீட்டர்பட்டறை எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் மனம் ஒப்பாதது நல்லதாகப் போயிற்று. எலுமிச்சையில் ஊறவைத்தால் துரு (நீங்கள் கறள் என்கிறீர்கள், அழகான சொல்) போகும், கூடவே முகப்பிலுள்ள எழுத்தும் போகும். இரும்பு நாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகமானிக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றி, அதைத் தொடாமல், மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று நிற்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் எழும் சுழல் மின்னோட்டம் அதைத் தன்னோடு இழுக்க முயல, முடிபோன்ற சுருள்வில் எதிர்த்திசையில் பிடித்து நிறுத்துகிறது. இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறியைத்தான் முள் காட்டுகிறது. இரும்பு நாரின் துகள் ஒன்று அந்தக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் கிண்ணத்தை உரசிக்கொண்டே இருக்கும், முள்ளும் வெட்டி வெட்டித்தான் நகரும். இரும்பு நாரால் தேய்த்த பின் "முள் துள்ளுகிறது" என்று என்னிடம் வந்த மீட்டர்களைத் திறந்தால், காந்தத்தின் மேல் மீசை முளைத்ததுபோல் துகள்கள் நிற்கும். ஆகையால் இரும்பு நாரைப் பட்டறை மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

வளையத்திலிருந்து தொடங்குங்கள். அதன் உட்புற ஓரத்தில் சிறு நாக்குகள் கூட்டின் விளிம்பைப் பிடித்திருக்கும்; விளிம்பிலுள்ள வெட்டுகளுக்கு நேராக அவை வரும்வரை வளையத்தைத் திருப்பினால் தானாகக் கழன்றுவிடும். துரு பிடித்திருந்தால் மீட்டரைக் கண்ணாடி கீழே பார்க்கும்படி கவிழ்த்து, ஊடுருவும் எண்ணெயை ஊசிமுனையால் விளிம்பில் மட்டும் தொட்டுவைத்து, ஒரு நாள் பொறுத்திருங்கள். தெளிப்பானால் அடித்தால் எண்ணெய் உள்ளே கசிந்து முகப்பில் கறையாகிவிடும். அப்படியும் அசையாவிட்டால் நாக்குகளை ஒவ்வொன்றாகச் சிறிதளவு மட்டும் நிமிர்த்துங்கள், முழுக்க நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். வளையத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பித்தளை, கழுவித் துடைத்தாலே போதும். ஒட்டினால் இரும்பு, அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் குரோமின் மேலுள்ள துருப்புள்ளிகள் பெரும்பாலும் வந்துவிடும்.

அடுத்து, பின்பக்கத் திருகாணிகளை எடுத்து, முகப்போடு சேர்த்து இயந்திரத்தை முழுதாக வெளியே எடுத்து, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிவையுங்கள். இனிக் கூட்டை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கழுவலாம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே வெயிலில் காயவையுங்கள். துரு தடுக்கும் பிரைமரை வெளியே அடித்து, உட்புறத்துக்கு மங்கலான வெள்ளை பெயின்ட் கொடுங்கள். இரவில் முகப்பின் மேல் வெளிச்சம் விழுவது அந்த வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பித்தான்; "பல்பு மாற்றியும் மங்கலாக இருக்கிறது" என்று புலம்புகிறவர்கள் பலரின் கூட்டுக்குள் அந்த வெள்ளை பழுப்பேறிக் கிடக்கும்.

முகப்பைப் பொறுத்தவரை என் அறிவுரை ஒன்றே: நீங்கள் செய்ய நினைப்பதில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு வடிகட்டிய நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, வளையத்துக்குள் மறையும் ஓரத்தில் மட்டும் ஒரு முறை உருட்டிப் பாருங்கள். பஞ்சில் வெள்ளை நிறம் ஏறினால் எழுத்தின் மை கரைகிறது என்று பொருள். உலர் தூரிகையோடு விட்டுவிடுங்கள். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதுவும் அருகே வரக்கூடாது. அந்த மூன்று புள்ளிகளும் பெயின்ட்டின் அடியிலிருந்து எழும்பிய துரு. எதைக்கொண்டு துடைத்தாலும் போகாது, தேய்த்தால் பெரிதாகும்.

முள்ளைப் பிடுங்காதீர்கள். கட்டாயம் எடுக்க வேண்டியிருந்தால், முதலில் அதைத் தடுப்பு ஊசிக்கு (சுழியத்தில் முள்ளைத் தடுத்து நிறுத்தும் சிறு ஊசி) மேலே மெல்லத் தூக்கிவிட்டு, சுருள்வில் தளர்ந்தபின் அது எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது அந்த இடத்தில் பொருத்தி, அதன் பிறகே தடுப்பு ஊசியின் மறுபக்கம் கொண்டுவர வேண்டும். சுழியத்தில் நேரடியாகச் செருகிவிட்டால் வில்லின் முன்னிழுவிசை போய்விடும், மீட்டர் என்றைக்கும் வேகத்தைக் கூட்டியே காட்டும்.

இறுகிய தண்டுக்குக் கேபிள் நுழையும் குழலில் கடிகார எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, இரண்டு நாள் காத்திருந்து, விரலால் முன்னும் பின்னும் அசையுங்கள். சுருள்வில்லின் மேல் எண்ணெய் படக்கூடாது, மைல் சக்கரங்களின் மேலும் படக்கூடாது.

கொழும்புப் பழையகார் எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் கூட்டுக்கு பெயின்ற் அடிப்பதில் நான் பட்ட பாட்டை எழுதினால் உங்களுக்கு ஒரு நாள் மிச்சமாகும். என்னுடைய 1958 மைனரின் கூட்டை உள்ளும் புறமும் பளபளவென்று பூசி, மிகுந்த பெருமையோடு பூட்டினேன். அன்றிரவு மீட்டர் விளக்கு எரியவில்லை. எரிபொருள் முள்ளும் தாறுமாறாகக் காட்டியது. சிவப்பு இக்னிஷன் விளக்கு ஒழுங்காக எரிந்ததால் மீட்டரில் பிழை இருக்காது என்று எண்ணி, வயர்களையே ஒரு நாள் முழுவதும் துருவிக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு விளக்கின் சுற்று கூட்டின் ஏர்த்தை (மின்சாரம் காரின் உடம்பு வழியாகத் திரும்பும் இணைப்பு) நம்பியதல்ல என்பது பிறகுதான் உறைத்தது. மீட்டர் விளக்கின் ஹோல்டரும் எரிபொருள் மானியும் கூட்டின் வெறும் தகரம் வழியாகத்தான் ஏர்த் எடுக்கின்றன, நானோ அந்தத் தகரத்தைப் பூசி மூடியிருந்தேன். ஆகவே ஹோல்டர் செருகும் துளைகளின் விளிம்பையும், கூடு டாஷ்போர்டைத் தொடும் இடத்தையும் பூசாமல் விடுங்கள். மைனர் பொசிற்றிவ் ஏர்த் கார், அதாவது பற்றரியின் நேர் முனை உடம்போடு சேர்ந்திருக்கும் கார், என்பதையும் மறக்க வேண்டாம். பற்றரியைக் கழற்றும்போது எந்த முனை உடம்போடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக் கழற்றுங்கள்.

வேறொன்று வாங்குவதா என்ற கேள்விக்கு என் பதில்: வாங்குங்கள், ஆனால் முழுதாக மாற்றிப் பூட்ட அல்ல. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் நான் வாங்கியது கண்ணாடி உடைந்த ஒரு மீட்டர். அதன் வளையமும் கூடும் எனக்குப் பயன்பட்டன. முழு மீட்டரையே மாற்றுவதாக இருந்தால் முகப்பின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் அது. 948 சிசி மைனரின் பின் அச்சு விகிதம் (பின் சக்கரம் ஒரு முறை சுழல அதை இயக்கும் தண்டு சுற்றும் தடவை) 4.55, 1962இல் வந்த 1098 சிசியினுடையது 4.22. விகிதம் மாறினால் அந்தச் சுற்றுக் கணக்கும் மாறும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறது என்று எண்ணைப் பார்க்காமல் பூட்டினால் வேகமும் தூரமும் பிழைக்கும்.

முகப்பு விடயத்தில் மட்டும் கோவை ஐயாவோடு எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு. எண் அழிந்துபோனால் புதிதாக அச்சிட்டு ஒட்டுவதில் பிழையில்லை. வேகமானி வேகத்தை வாசிப்பதற்காக உள்ளது.

மதுரை ஜீப் எழுதியது:

இதைப் படித்துவிட்டு இன்னும் பழைய வண்டிகளின் மீட்டரைத் திறக்கப்போகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப்போர்க் கால ராணுவ வண்டிகள் சிலவற்றில் முள்ளும் எண்களும் இருட்டில் ஒளிரும்படி ரேடியம் கலந்த பெயின்ட் பூசப்பட்டிருந்தது. இன்று அது ஒளிராமல் இருக்கலாம், ஏனெனில் அதனோடு கலந்த துத்தநாக சல்பைடு தேய்ந்துபோயிருக்கும். ரேடியத்தின் அரை ஆயுளோ 1,600 ஆண்டுகள். எண்களின் மேல் தடித்த, வெடித்துப்போன பழுப்புப் பூச்சைக் கண்டால் சுரண்டவும் ஊதவும் வேண்டாம், கண்ணாடியை மூடிவிடுங்கள்.

வடமராட்சிவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரத்துக்குப் பின் எழுதுகிறேன். வளையம் இரண்டாம் நாள் மாலை அசைந்தது. இயந்திரத்தை எடுத்தபின் கூட்டைக் கவிழ்த்தபோது ஒரு மேசைக்கரண்டி அளவு கறள்பொடி கொட்டியது. முகப்பின் ஓரத்தில் பஞ்சுக்குச்சியை உருட்டினேன், வெள்ளை ஏறியது. அத்தோடு நிறுத்திவிட்டேன். மூன்று புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன. 30 என்ற எண்ணின் வால் இல்லாவிட்டாலும் வாசிக்க முடிகிறது, ஆகவே புதிய முகப்பு அச்சிடப்போவதில்லை. தண்டு நான்காம் நாள் இளகியதும் முள் தானாகச் சுழியத்துக்கு வந்தது. ஏர்த் இடங்களைப் பூசாமல் விட்டதால் விளக்கு முதல் தடவையிலேயே எரிந்தது.

ஒரு குறை மட்டும் மீதி. தெருவில் ஓட்டும்போது முள் 25க்கும் 35க்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கிறது. மீண்டும் திறக்க வேண்டுமா?

கோவை மீட்டர்பட்டறை எழுதியது:

திறக்க வேண்டாம் ஐயா. முதலில் கேபிளைக் கழற்றி மீட்டரைத் தனியாகச் சோதியுங்கள். வேகம் மாற்றக்கூடிய துளைக்கருவியில் சதுரத் தண்டு ஒன்றைப் பொருத்தி மெதுவாகச் சுழற்றுங்கள்; தவறான திசையில் சுழன்றால் முள் தடுப்பு ஊசியில் முட்டும், எனவே முதலில் விரலால் சுழற்றித் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகப்பில் எந்த எண் அச்சிட்டிருக்கிறதோ, நிமிடத்துக்கு அத்தனை சுற்று சுற்றினால் மீட்டர் 60 மைல் காட்ட வேண்டும், ஏனெனில் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு மைல். அதில் பாதிச் சுற்றுக்கு 30இல் முள் அசையாமல் நின்றால் மீட்டரில் குறையில்லை, கேபிளில்தான் குறை.

கேபிளின் உட்கம்பியை உருவி, கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டிப் பாருங்கள். எங்காவது துள்ளினால் அங்கே மடிந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். நேராக இருந்தால் கிரீஸ் தடவி உள்ளே விடுங்கள். மீட்டர் பக்கத்து முனையில் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிரீஸைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது சுழன்று சுழன்று மேலேறி, நீங்கள் இத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்த காந்தத்தின் மேல் போய் உட்காரும். வெளிக்குழாயின் வளைவு எந்த இடத்திலும் 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக்கூடாது. மீட்டரைத் திரும்பப் பொருத்தும்போது பின்னால் கேபிள் நசுங்கி மடிந்திருக்கும் என்பது என் ஊகம். அதை முதலில் பாருங்கள்.